பணப்பையில் தங்கும் அறிமுக அட்டை

நாம் பெறும் அறிமுக அட்டைகளுள் பல, பணப்பையில் சரிவர அடங்காத காரணத்தாலேயே மேசை இழுப்பறையில் தங்கிவிடுகின்றன. பற்று அட்டையின் அளவு 85.6 × 54 மில்லிமீட்டர். பணப்பையின் அறைகள் அதற்கேற்பவே தைக்கப்படுகின்றன. 90 மில்லிமீட்டர் நீள அட்டையை அங்கே திணித்தால் ஓரம் மடங்கும். ஆகவே, அச்சகத்தாரிடம் முதலில் அளவைக் கூறுவோம்.

தாள் 300 ஜிஎஸ்எம் போதும். பளபளப்பான லேமினேஷன் வேண்டியதில்லை: ஒருபக்கம் மட்டும் செய்தால் அட்டை வளையக்கூடும், இருபக்கமும் செய்தால் பேனா எழுதாது. பின்பக்கத்தை வெறுமையாக விடுவோம். (பத்துத் தொழில்களின் பட்டியலை அங்கே அச்சிடும் ஆசை எழத்தான் செய்யும்!) தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவர், அடுத்த பராமரிப்பு நாளைத் தம் கையாலேயே அங்கே எழுதித் தந்தால், வாடிக்கையாளர் அந்நாள்வரை அதனை எறியமாட்டார், மோட்டார் அதற்கு முன்பே நின்றுபோனாலும் அழைப்பு அவருக்கே வரும்.