நீரிழிவு மாத்திரையும் உணவு வேளையும்

நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்ளும் அன்பர்கள் நம் இல்லங்களில் பலர் உளர். மருத்துவர் தம் சீட்டில் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் உறையின் மேல் அதையே குறித்துக் கொடுக்கின்றனர். எழுதுகின்றவர் மனத்தில் உள்ள இரவு, எட்டு அல்லது ஒன்பது மணிக்கு உண்ணும் உணவின் வேளையாகும். இரவுண்ணாமையை மேற்கொண்ட சிராவகர் இல்லத்திலோ அவ்வேளையில் அடுப்பு அணைந்து நெடுநேரம் ஆகியிருக்கும். சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. நெடிய பகலையுடைய சூலை மாதத்திலும் மறைவு சுமார் 6.40 மணிக்கே. ஐந்து மணிக்கு உண்டு முடித்தவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு உண்பாராயின், இடையே 15 மணி நேரம் உணவின்றிக் கழிகிறது. இவ்விடைவெளியை அறியாத மருத்துவர் எழுதிய சீட்டை, அறிந்த நாம் அவரிடம் ஒரு சொல்லும் கூறாமல் அப்படியே பின்பற்றுவது எவ்வாறு பொருந்தும்? மாத்திரையின் வகைகளைச் சிறிது ஆராய்ந்தால் இவ்வினாவின் அருமை விளங்கும்.

நீரிழிவுக்கு வாய்வழி உட்கொள்ளும் மருந்துகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. உணவு வந்தாலும் வாராவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன சில. அவ்வாறு தூண்டாமல் வேறு வழிகளில் சர்க்கரையைக் குறைப்பன பல. இவ்வேறுபாடே நமக்கு முதன்மையானது.

முதல் வகையின் வரலாறு அறியத்தக்கது. 1942ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரில், டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துச் சோதித்து வந்த மருத்துவர் மார்செல் ஜான்போன், நோயாளிகள் சிலருக்கு இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வதைக் கண்டார். ஓகுஸ்த் லுபாத்தியே என்னும் உடலியல் அறிஞர் அதனை ஆராய்ந்து, அம்மருந்து கணையத்தைத் தூண்டுவதே காரணம் எனக் கண்டறிந்தார். ஆக, இம்மருந்தினம் முதலில் வெளிப்பட்டதே தீங்கின் வடிவில்தான். இன்று வழங்கும் கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. விலை மலிவு, பயன் மிகுதி. ஆதலின் பெரிதும் எழுதப்படுகின்றன. உண்ணும் உணவுக்குச் சற்று முன்போ உணவுடனோ இவற்றை உட்கொள்ள வேண்டும். மாத்திரை உள்ளே சென்றபின் உணவு வாராவிடில், சுரந்த இன்சுலின் இருக்கும் சர்க்கரையையும் இறக்கிவிடும். கிளிமிபிரைடின் ஆற்றல் ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் நிற்கும். கிளிபென்கிளமைடோ முதியோரிடத்தில் இன்னும் கடுமையானது. அது 60 வயதைக் கடந்தவர்க்கு ஏற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனமே தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் குறித்துள்ளது.

பெயரைக் கொண்டு அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. ‘கிளி’ என்று பெயர் தொடங்கினால் அது பெரும்பாலும் இவ்வினமே. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் என ‘கிளிப்டின்’ என்று முடிவன வேறினம். அவை தனித்து உட்கொள்ளப்படும்போது சர்க்கரையை மிகத் தாழ்த்துவது அரிது. ஆனால் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் இட்ட பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் கீழே நுண்ணெழுத்தில் இருக்கும். நம் நாட்டில் இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது பெருவழக்கு. ‘நான் ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்’ என்று கூறுபவர் உண்மையில் மூன்று மருந்துகளை உட்கொள்பவராக இருக்கலாம். கண்ணாடியை அணிந்துகொண்டு ஒருமுறை அட்டையைப் படித்துப் பார்க்குமாறு, அல்லது பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

இனி, மாலை ஐந்து மணிக்கு உண்ட ஒருவர், சீட்டில் உள்ளவாறே இரவு ஒன்பது மணிக்குக் கிளிமிபிரைடு கலந்த மாத்திரையை விழுங்கிப் படுத்துவிடுகிறார் எனக் கொள்வோம். நள்ளிரவில் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, கடும்பசி தோன்றலாம். உறக்கத்தில் அவை தெரியாமலே போய், குழறிய பேச்சு, திகைப்பு, மயக்கம் என முற்றலாம். வயது முதிர்ந்தோரிடம் இதனைப் பக்கவாதமென்று வீட்டார் மயங்குவதும் உண்டு. இவருக்கு வேண்டுவது மருந்தை நிறுத்துவதன்று. ‘நான் சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பவன், அதன்பின் நீரும் அருந்துவதில்லை’ என்று மருத்துவரிடம் கூறினால், அவர் இரவு மாத்திரையை மாலை உணவோடு சேர்ப்பார், அல்லது அளவைக் குறைப்பார், அல்லது நீண்ட இடைவெளிக்கு ஏற்ற வேறு மருந்தை எழுதுவார். சொல்ல நாணுவோர் பலர். நாணத்தக்கது இதில் யாதுமில்லை.

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், உடனே சுமார் 15 கிராம் குளுக்கோசுப் பொடியை, அதாவது மூன்று தேக்கரண்டி நிறைய, நீரில் கரைத்துப் பருகச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லையெனில் மறுபடியும் கொடுக்க வேண்டும். சோதிக்கும் கருவி இல்லையெனில் குறிகளைக் கண்டவுடனே கொடுத்துவிட வேண்டும். வோக்லிபோசு, அகார்போசு ஆகியவை கலந்த மாத்திரை உட்கொள்வோர்க்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் விரைந்து பயன்தரா. குடலில் அவை பிரிவதை அம்மருந்து தடுக்கும். அவர்க்குக் குளுக்கோசே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கிளிமிபிரைடு இனத்தால் நேர்ந்த தாழ்வு, தெளிந்தபின்னும் சில மணி நேரத்தில் திரும்பி வரக்கூடும். ஆதலின் தெளிந்துவிட்டார் என்று தனியே விட்டுவிடுவது கூடாது.

இங்கே ஓர் ஐயம் எழும். இரவில் குளுக்கோசு பருகினால் விரதம் பங்கமாகாதோ? அந்நேரத்தில் அது உணவன்று, உயிர் காக்கும் மருந்து என்பதே நம் கருத்து. எனினும் நள்ளிரவில் நடுங்கும் கையுடன் தீர்மானிக்கும் வினாவன்று இது. விரதம் ஏற்கும்போதே குருவினிடமோ பெரியோரிடமோ கேட்டு, மருந்துக்கு விலக்கு வைத்து ஏற்றுக்கொண்டால், வீட்டாரும் தயங்கி நில்லார்.

மெட்ஃபார்மின் இத்தகைய அச்சம் தருவதன்று; தனித்து உட்கொண்டால் சர்க்கரையை மிகத் தாழ்த்துவது அரிது. 1957இல் பாரிசு மருத்துவர் ழான் ஸ்தெர்ன் நீரிழிவுக்கு இதனைப் பயன்படுத்தி வெளியிட்ட பின்னர்ப் பரவியது. வயிற்றுப் புரட்டலும் பேதியும் தொடக்கத்தில் வருவதுண்டு. உணவுடனோ உணவு முடிந்தவுடனோ உட்கொண்டு, சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தினால் பலர்க்கும் அவை அடங்கும். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அதன் வெற்றுக்கூடு மலத்தில் வெளிப்பட்டால் அஞ்ச வேண்டுவதில்லை, மருந்து உள்ளே சேர்ந்துவிட்டது. வாந்தியும் பேதியுமாய் உடல் நீர் வற்றும் நாள்களில் இம்மருந்தைத் தொடர்வதா என்பதை உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்க்கு இது ஆகாது. ஆண்டுக்கொரு முறையேனும் கிரியாட்டினின் சோதனை வேண்டுவது இதனாலேயே.

நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. பல்லாண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர்க்கு வைட்டமின் பி12 குறைகிறது. புலால் உண்ணாதார்க்கு அச்சத்து பால், தயிர் வழியாகவே பெரிதும் கிடைப்பது. பாலையும் தியாகம் செய்தவர்க்கு அதுவும் இல்லை. கால்களில் எரிச்சலும் மரமரப்பும் தோன்றினால், ‘சர்க்கரை நோய்க்கு இது இயல்பே’ என்று பொறுத்திருக்கின்றனர். பி12 குறைவால் வந்ததாயின் மருந்தால் தீரக்கூடியது. நாட்பட விட்டால் நரம்பு திரும்பாமற் போகலாம். ஒரு இரத்தச் சோதனை போதும்.

உபவாசத்திற்கு வருவோம். அட்டமி, சதுர்த்தசி நாள்களிலும் தசலக்ஷண பர்வத்திலும் உண்ணாதிருப்போர், ‘உணவில்லாவிட்டாலும் மாத்திரையை விடக்கூடாது’ என்று விழுங்குவது முதல் வகை மருந்தில் பேராபத்து. மற்றொரு முனையில், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. நீரையும் உடன் கொண்டு செல்வன. இவற்றை உட்கொண்டு நீரும் அருந்தாமல் உபவாசம் இருந்தால், உடல் கொழுப்பை எரித்து இரத்தத்தில் அமிலம் பெருகும் நிலை நேரலாம். அப்போது கருவியில் சர்க்கரை அளவு பெரிதும் உயர்ந்து காணாமலும் இருக்கலாம் என்பதே இதன் வஞ்சகம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இவை குறிகள்; இவை தோன்றினால் விரதத்தை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கே சில நாள் முன்னதாக இம்மருந்துகளை நிறுத்துவர். ஆதலின் பர்வத்திற்குச் சில வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த நாளில் எதனை நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், முன்பு மயங்கி விழுந்தவரும், சிறுநீரகம் நலிந்தவரும், கருவுற்றவரும் முழு உபவாசத்தை நினையாதிருப்பதே நன்று. பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தவம் என்று ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ரச பரித்தியாகமும் தவமே. நெய்யையும் இனிப்பையும் உப்பையும் துறப்பவரை எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார்!

பாரணை நாளில் நேரும் பிழை ஒன்று. முந்திய நாள் விட்ட மாத்திரையையும் சேர்த்து இரண்டாக விழுங்குகின்றனர். விட்டது விட்டதே, அந்நாளுக்குரியது மட்டும் போதும். வெல்லப் பாயசத்துடன் பாரணை தொடங்கும் வழக்கமும் நீரிழிவுடையார்க்கு ஏற்றதன்று, பயற்றங்கஞ்சி நலம். தீர்த்த யாத்திரை செல்வோர் மாத்திரைகளை ஒரு டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துச் செல்லாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடு எடுத்துச் செல்க. ஒரு பொட்டலம் குளுக்கோசும், மருந்தின் பெயர்களும் உண்ணும் நேரமும் எழுதிய தாளும் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ இருக்கட்டும். மலைமேல் உள்ள ஜினாலயத்திற்கு ஏறுமுன் அந்தத் தாள் இருக்குமிடத்தை உடன் வருபவரிடம் காட்டிவிடுக.