கல்முனைக் கரைப் பறவைகளுக்கு நாமும் அயலவர்



இந்தப் பாடம் பறவைகளைப் பற்றியது. "கொழுந்து எடுக்கவே நேரம் போதல்ல, இதுல குருவி பாக்கச் சொல்றாங்களே" என்று சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை. முழுவதையும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு பேசிக்கொள்வோம்.

நம் மலையும் அவர்கள் கரையும்

மருதமுனைச் சாரத்தை நம்மில் பலர் உடுத்தியிருப்போம். அம்பாறை அரிசியில் சோறும் ஆக்கியிருப்போம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடலோரமாக வரிசையாக இருக்கும் அந்த ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இடையிடையே களப்பும் சதுப்பும் தாழ்ந்த நிலமும்.

அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது கல்லோயா. அதன் பழைய தமிழ்ப் பெயர் பட்டிப்பளை ஆறு. அது எங்கே பிறக்கிறது தெரியுமா? பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில்தான்! அங்கிருந்து இறங்கி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, வாய்க்கால்கள் வழியாக வயல்களுக்குப் பாய்கிறது. மிச்சத் தண்ணீர் கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. ஆகவே மலையில் கானில் போடுவது ஒருநாள் கரைக்குப் போய்ச் சேரும். மற்ற மலைகளின் தண்ணீரும் மகாவலி, களனி, வளவை என்று ஏதோ ஒரு கரைக்குத்தான் போகிறது.

வயலில் வேலை செய்யும் பறவைகள்

அந்த வயல்களிலும் களப்புகளிலும் கொக்கு, நீர்க்காகம், நத்தைக்கொத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா என்று பலவகைப் பறவைகள் இரை தேடுகின்றன. உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கிளறிய மண்ணில் வெளிவரும் பூச்சி புழுக்களை அவை பொறுக்கித் தின்கின்றன. நத்தைக்கொத்தி நாரைக்கு அதன் பெயரே சாட்சி. இரவில் ஆந்தை எலி பிடிக்கிறது. கூலி கேட்காமல் செய்யும் வேலை இது.

இவை போதாதென்று, வடக்கே குளிர் தொடங்கும்போது தூர தேசத்துப் பறவைகளும் வருகின்றன. ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் வரத் தொடங்கி ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். இவற்றில் ஒரு கூட்டம் கிழக்குக் கரையோரமாகவே இறங்குகிறது. நம் மலைக்கு வரும் ஆறுமணிக்குருவியும் இப்படி இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் விருந்தாளிதான். விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர்.

சட்டம் இருக்கிறது, ஆனாலும்...

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டிலிருந்தே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. பெரும்பாலான காட்டுப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். ஆனாலும் இறைச்சிக்காக நீர்ப்பறவைகளைப் பிடிப்பது முற்றாக ஒழியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் நிலம். கல்முனைப் பக்கம் சனம் நெருக்கமாக வாழும் இடம். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு வேறு காணி தேவைப்பட்டது. தாழ்ந்த நிலத்தை மண் போட்டு நிரப்பினால் வீடு கட்டலாம், ஆனால் பறவைக்கு இரை நிலம் போய்விடும். மழைவெள்ளம் நிற்க இடமில்லாமல் அது வீட்டுக்குள் வரும். அந்த மக்களை நாம் குறை சொல்ல முடியாது. சொந்தக் காணி இல்லாத வேதனை லயத்தில் வாழும் நமக்குத் தெரியாததா? ஆனால் எதை நிரப்புவது, எதை விட்டுவைப்பது என்பதை அந்த ஊர்ச் சனங்களே கூடிப் பேசித் தீர்மானித்தால்தான் மனிதருக்கும் பறவைக்கும் வழி பிறக்கும்.

ஊரே காத்த பறவைகள்

'சனங்கள் சேர்ந்து பறவையைக் காப்பதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்கலாம். நம் பாட்டன் பூட்டன் வந்த தமிழ்நாட்டையே பாருங்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் என்று ஓர் ஊர். ஏரி மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த விவசாயிகள் கண்டுகொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் சுடக்கூடாது என்ற உரிமைப் பத்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. படிப்பறிவு குறைந்த காலத்திலேயே ஊர் சேர்ந்து கேட்டு வாங்கிய உரிமை அது.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று இன்னொரு ஊர். பறவைகள் பயந்துவிடும் என்பதற்காகப் பல தலைமுறையாகத் தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூட அடம் பிடிப்பதில்லையாம்.

இரண்டு ஊரிலும் காவல்காரன் பிறகுதான் வந்தான். முதலில் காத்தது அயலவர்கள்.

குமணையும் பாதயாத்திரையும்

கல்முனையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் பொத்துவில், பாணமை, அதற்கப்பால் குமண. அங்குள்ள வில்லுக்குளத்தின் கண்டல் மரங்களில் நாரையும் கரண்டிவாயனும் கொக்கும் கூடு கட்டுகின்றன. 1938இலேயே அது சரணாலயமாக்கப்பட்டது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை அந்தப் பூங்கா மூடிக் கிடந்தது. 2010இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டு இந்தக் காட்டு வழியாகத்தான் நடக்கிறார்கள். குமணையில் குஞ்சு பொரிக்கும் காலமும் ஆடித் திருவிழாக் காலமும் கிட்டத்தட்ட ஒன்று. நம் குடும்பங்களிலும் யாராவது அந்த வழியில் நடக்கலாம். பிளாஸ்டிக் போத்தலையும் சொப்பிங் பையையும் திரும்பக் கொண்டுவருவதும், குளத்தருகே சத்தம் போடாமல் நடப்பதும் நேர்த்திக்கடனின் ஒரு பகுதி என்று நினைப்போம்.

நம்மால் முடிந்தவை

1. மருந்தடிக்கும் தாங்கியையும் வெறும் மருந்துப் போத்தலையும் ஓடையில் கழுவ வேண்டாம். இது பறவைக்கு மட்டுமல்ல, கீழே குடிக்கிற பிள்ளைக்கும் நஞ்சு.

2. பிள்ளைகளின் கையிலுள்ள கெட்டபோலை அடித்துப் பறிக்காமல், ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். திகதி, இடம், பறவையின் பெயர், எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் மூக்கின் வடிவத்தையும் எழுதட்டும்.

3. பறவை பார்க்கக் காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நல்ல நேரம். சத்தம் போடாமல், கூட்டுக்குக் கிட்டப் போகாமல் பார்க்க வேண்டும். விலையான கண்ணாடி கட்டாயமில்லை.

4. லயத்தருகே நிற்கும் நிழல் மரத்தையும் பழ மரத்தையும் வீணாக வெட்டாதீர்கள். புழு தின்னும் குருவிக்கு அதுதான் வீடு.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகளில் தொண்டர்கள் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். நம் நாட்டிலும் இது நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் ஒரு பறவை ஆய்வுக் குழுவும் இயங்கி வருகிறது. அங்கும் வேலை தொடங்குவது ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுதான். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள் மனம் வைத்தால் நம் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கலாம்.

கூடிப் பேசுவதற்கு

1. நம் தோட்டத்து ஓடை எந்த ஆற்றில் சேருகிறது? அது எந்தக் கரைக்குப் போகிறது?

2. பெரியவர்கள் சின்ன வயதில் பார்த்து, இப்போது காணாத பறவை எது? ஏன் காணவில்லை?

3. வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவையால் உரம் கிடைத்தது. நமக்குக் கிடைப்பது என்ன?

4. வீடும் வேண்டும், தாழ்ந்த நிலமும் வேண்டும். கல்முனைச் சகோதரரின் இடத்தில் நாம் இருந்தால் என்ன முடிவு எடுப்போம்?

பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் இதைப் பேசுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓர் அரைமணி நேரம் வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். எண்ணி முடித்ததை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.