2006-க்கு முந்தைய பத்துமலை உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம்

பத்துமலையில் 140 அடி முருகன் சிலை திறக்கப்பட்டது 2006 ஜனவரியில். 272 படிகளுக்கும் இப்போதுள்ள வண்ணம் வந்தது 2018-ல். அதற்கு முன்னால் அந்த மலையடிவாரம் எப்படி இருந்தது என்று நம்ம வயசுக்காரங்களுக்கு அவ்வளவாக நினைவில்லை. ஆனால் மாமாவின் காவடி, அம்மாவின் பால்குடம், தம்பியின் மொட்டை என்று வீட்டில் எடுத்த பழைய வீடியோக்களில் அது இருக்கு.

எங்கள் வீட்டுக் கேசட்டுகளை மாமா முன்பே மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்திருந்தார். இப்போது தைப்பூசக் காணொளி தயாரிக்கும் நண்பர்கள் பலர் இப்படிப்பட்ட டிவிடிகளோடுதான் வருகிறார்கள். கேள்வியும் ஒன்றுதான்: "டிவியில ஓடுது, எடிட்டிங் மென்பொருள்ல மட்டும் ஏன் திக்கித் திணறுது?"

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம். சுமார் அரை நொடிக்கு ஒரு முறைதான் முழுப் படம் பதிவாகும். நடுவில் உள்ளவை முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. தேவார வகுப்பில் திடீரென்று ஏழாவது வரியைக் கேட்டால், நாம் முதல் வரியிலிருந்து மனசுக்குள் பாடிப் பார்த்துத்தானே சொல்வோம்? மென்பொருளும் வெட்டும் இடத்தில் எல்லாம் அப்படித்தான் திண்டாடுகிறது.

இதற்கு ஹேண்ட்பிரேக் போதும், இலவசம். முதலில் டிவிடியை முழுசாகக் கணினியில் நகலெடுங்க. உள்ளே படம் 1 ஜிபி அளவில் துண்டு துண்டாக வி.ஓ.பி கோப்புகளாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றினால் ஒட்டுகிற இடத்தில் சத்தம் வெட்டுப்படலாம். அதனால் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையே திறங்க, ஹேண்ட்பிரேக் தானே சேர்த்துக்கொள்ளும். பிறகு 'புரொடக்‌ஷன் ஸ்டாண்டர்ட்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்க. அது எடிட்டிங்குக்கென்றே உள்ளது. கோப்பு பெரிசாகும், பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். மூல நகலை மட்டும் அழிக்காதீங்க.

இங்கே முக்கியமான ஒன்று. அப்போது நம் நாட்டு டிவி முறை பால். நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, வரி விட்டு வரியாகப் பதிவானது. பழைய டிவியில் இது தெரியாது. கணினித் திரையில் காவடி ஆடும்போது மயிலிறகு ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்க. படத்தின் வடிவம் 4:3 ஆகவே இருக்கட்டும். அகலத் திரையை நிரப்ப இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்!

மினி டிவி கேசட்டிலிருந்து நேராக எடுத்த கோப்பு வேறு. மணிக்கு 13 ஜிபி பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு படமும் தனித்தனியாகப் பதிந்திருப்பதால் வெட்டுவது சுலபம். பெரும்பாலும் மாற்றவே தேவையில்லை.

கைப்பேசி வீடியோவில் சிக்கல் வேறு மாதிரி. வெளிச்சம் குறைந்தால் சில கைப்பேசிகள் நொடிக்கு எத்தனை படம் என்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். விடியற்காலை ஊர்வலத்தை எடிட் செய்யும்போது உருமி மேளச் சத்தம் ஒரு பக்கம், அடிக்கிற கை இன்னொரு பக்கம் என்று போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' போட்டு மாற்றிய பிறகு எடிட் பண்ணுங்க. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய வீடியோவை வாங்காதீங்க, அது ஏற்கனவே பிழிந்தெடுத்த சக்கை. பென்டிரைவில் கேளுங்க, இல்லையென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்க.

பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் 'தெளிவாக்கும்' செயலிகளை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்தில் இருப்பது 576 வரிதான். இல்லாததை அந்தச் செயலி ஊகித்து வரைகிறது. இறந்துபோன தாத்தாவின் முகத்தை அது வேறு யாரோ போல் ஆக்கினால், பாட்டிக்கு உடனே தெரியும்.

இன்னும் கேசட்டாகவே வைத்திருப்பவர்கள் சீக்கிரம் மாற்றிவிடுங்க. வி.எச்.எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-லேயே அதை நிறுத்திவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் கேசட் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படித் தெரிந்தால் டெக்கில் போடாதீங்க, நாடாவும் அறுந்துபோகலாம், டெக்கும் பாழாகும். மாற்றியதை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்து, ஆண்டையும் யார் யார் என்பதையும் கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்க.