நம்ம ஊர்க் கதை, நம்ம திரை



"1992-ல் நம்ம மாவட்டத்தில் என்ன நடந்தது?" என்று ஒரு கூட்டத்தில் பிள்ளைகளிடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. திண்ணையில் இருந்த அப்பத்தா மட்டும் சிரித்தார். அவர் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொண்டவர். பேத்திக்கே அது தெரியாது!

இதை நிழல் பொம்மலாட்டமாகப் போடலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. டிக்கெட் கிடையாது. கோயில் திடலில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

நம்ம நாட்டுத் தோல்பாவைக்கூத்தும் இப்படித்தான். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, சாயம் தீட்டுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. ஒரே ஆள் ராமனுக்கும் ராவணனுக்கும் குரல் மாற்றிப் பேசி ஆட்டுவார். வீட்டுப் பெண்கள் பின்னால் இருந்து பாடுவதும் பொம்மை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அவர்கள் பெயர் வெளியே வருவதில்லை, அது வேறு கதை. ராமாயணம் பத்து நாள் நடக்கும். நல்லதங்காள் கதை என்றால் கூட்டமே அழும்.

நமக்குத் தோல் வேண்டாம், கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். உருவத்தைப் பக்கவாட்டில் வரையுங்கள், அப்போதுதான் மூக்கும் கொண்டையும் நிழலில் தெரியும். கையைத் தனியாக வெட்டி நூல் முடிச்சால் இணைத்து மூங்கில் குச்சி கட்டினால் கை ஆடும். சேலை இருக்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு கலர் கண்ணாடித்தாள் ஒட்டினால் திரையில் நிறம் விழும். சைக்கிள் சக்கரத்தையும் இப்படியே தனியாக மாட்டுங்கள். வேட்டிதான் திரை, பின்னால் ஒரு பல்பு. பொம்மையைத் திரையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பல்பு பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிசாகி மங்கிப்போகும். தெருக்கம்பத்தில் கொக்கி போட்டு கரண்ட் எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம், தாயி.

கதைக்கா பஞ்சம்? 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல் டாக்டரானார், 1927-ல் சென்னை சட்டசபைக்குப் போனார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி வாசலை மட்டும் ஒரு காட்சியாக வைத்தாலே போதும்.

அடுத்தது சைக்கிள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் ஓட்டி வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள், அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டினார்கள். எழுதும்போது புத்தகத்தைப் பார்க்காதீர்கள், ஊர் அப்பத்தாக்களைக் கேளுங்கள். கேலி பேசினது யார், விழுந்தது எங்கே, எல்லாம் சொல்வார்கள்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறோம். சொல்லிக்கொடுக்க ஒரு கூத்துக் கலைஞரை அழைத்தோம். இலவச நிகழ்ச்சிதானே என்று சாப்பாடு, பஸ் காசோடு அனுப்பிவிட்டோம். ஒரு நாள் கூலி போய்விட்டது என்று அவர் வீட்டம்மா பிறகு சொன்னபோது எங்களுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பார்ப்பவர்களுக்குத்தான் இலவசம். அவர் கூலியைத் தேதி குறிப்பதற்கு முன்பே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். சேமிப்பு, உள்கடன் பணத்தைத் தொடாமல் ஊரில் தனியாக வசூல் செய்யுங்கள்.

மைக் வைத்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். பள்ளி விடுமுறை சனிக்கிழமையாகப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் திரையைச் சுருட்டி விடாதீர்கள். பிள்ளைகள் பின்னால் வந்து பொம்மையை ஆட்டிப் பார்க்க அரை மணி நேரம் விடுங்கள்.