ஆறு துலிப் கிழங்குகள்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் தாவர அசைவுகளை நடத்தும்போது தொட்டாற்சிணுங்கியை எப்படியாவது வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுவோம். சூரியகாந்திக்கும் வழி உண்டு. வெப்பமுறு வளைதலுக்கு எடுத்துக்காட்டாக வரும் துலிப் மலரை மட்டும் நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். "வெப்பம் கூடினால் விரியும், குறைந்தால் மூடும், எழுதிக்கொள்ளுங்கள்." கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன்.

சென்ற கல்வியாண்டில் அந்த வரியைச் சொன்னபோது கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள். "எங்கப்பா இருக்கிற ஊர்ல இந்தப் பூ தோட்டம் தோட்டமா இருக்கு டீச்சர்" என்றாள். அவளுடைய அப்பா ராணுவத்தில், ஸ்ரீநகரில் இருக்கிறார். தால் ஏரியைப் பார்த்தபடி ஸபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் துலிப் தோட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. காலாண்டு விடுமுறையை ஒட்டி அவர் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கிய ஆறு கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதில் மூன்றை அவள் பள்ளிக்கு எடுத்து வந்தாள்.

"அப்பா சொன்னாங்க டீச்சர், பனி விழறதுக்கு முன்னாடி நட்டு, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடக்கணுமாம்."

"இங்கதான் பனியே இல்லையேம்மா. குளிர் இல்லாட்டி இன்னும் வேகமா வளரும்" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே பள்ளித் தோட்டத்தில் மூன்றையும் நட்டோம்.

மூன்று வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. இடையில் நல்ல மழை. தோண்டிப் பார்த்தபோது இரண்டு கூழாகி நாறின. மூன்றாவது மட்டும் கெட்டியாக, சில வேர்களோடு இருந்தது. அதைக் கழுவி, மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டினேன். அந்த ஆண்டில் நான் எடுத்த நல்ல வகுப்பு அதுதான் என்பேன்.

நாம் மண்ணுக்குள் விளைவதையெல்லாம் கிழங்கு என்றே சொல்லிவிடுகிறோம். உருளையும் கிழங்கு, மரவள்ளியும் கிழங்கு, சேனையும் கிழங்கு. துலிப்பினுடையது குமிழம், வெங்காயத்தின் வகை. வெட்டிய முகத்தில் எல்லாம் தெரிந்தது. அடியில் தட்டையாகச் சுருங்கிய தண்டு, அதன்மேல் ஒன்றையொன்று மூடிய சதைப்பற்றுள்ள இலைகள், வெளியே காகிதம் போன்ற பழுப்புத் தோல். நடுவில் வெளிர்மஞ்சள் குருத்து. கைலென்ஸ் வைத்துக் குருத்தைப் பிரித்தபோது ஒரு மாணவன் கத்தினான்: "உள்ள பூ இருக்கு டீச்சர்!" எள்ளளவு மொட்டு. அதற்குள் ஆறு மகரந்தத் தாள்களையும் எண்ண முடிந்தது.

பூ முன்பே உருவாகிவிட்டது. பிறகு ஏன் வெளியே வரவில்லை? அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். துலிப்பின் காட்டு இனங்கள் பல தியான் ஷான், பாமிர் போன்ற மத்திய ஆசிய மலைகளைச் சேர்ந்தவை. அங்கே கோடை வறண்டது, குளிர்காலம் கடுமையானது. கோடையில் குமிழத்துக்குள் பூ உருவாகிவிடும். ஆனால் இலையுதிர் காலத்து இளஞ்சூட்டை நம்பி அது வெளியே தலைகாட்டினால் அடுத்து விழும் பனியில் கருகிவிடும். ஆகவே 12 முதல் 16 வாரம் வரை குளிரில் கிடந்த பிறகே தண்டு நீள்கிறது. குளிர் கிடைக்காவிட்டால் பூ உள்ளேயே காய்ந்துவிடும், அல்லது இலைகளுக்கு நடுவே குட்டையாக முடங்கிவிடும். மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் தட்பப்பதனம் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே குளிர் பூவை உருவாகத் தூண்டுகிறது; இங்கே உருவான பூ வெளியே வரக் குளிர் வழிவிடுகிறது.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "அப்பா சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. என்னால மூணு வீணாப் போச்சு." அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்ல மூணு இருக்கு டீச்சர். நான் நடல" என்றாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்லவேளை.

அந்த மூன்றையும் துளையிட்ட காகிதப் பையில் போட்டு, என் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன். 13 வாரம். ஆப்பிள், வாழைப்பழம் எதையும் பக்கத்தில் வைக்கவில்லை. பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு, உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். வீட்டில் பழம் வாங்குவது குறைந்ததில் என் பிள்ளைகளுக்கு வருத்தம். ஒருநாள் மாமியார் அவற்றை வெங்காயம் என்று நினைத்து அரிவாள்மனை வரை கொண்டுபோய்விட்டார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்து மக்கள் துலிப் குமிழங்களைத் தின்று உயிர் பிழைத்தது உண்மைதான். ஆனால் அது நச்சுத்தன்மை உள்ளது. தொடர்ந்து கையாண்டால் சிலருக்குத் தோல் அரிப்பும் வரும். வகுப்பில் செய்பவர்கள் பிள்ளைகளைக் கை கழுவச் சொல்ல மறக்க வேண்டாம்.

குடியரசு தினம் முடிந்த வாரம் மண்தொட்டிகளில் நட்டோம். தோட்டத்தில் என்றால் 15 செ.மீ. ஆழம் வேண்டும், தொட்டியில் நுனி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தோம். தண்ணீர் தேங்கினால் அழுகும் என்பதை முதல் மூன்றும் சொல்லிக்கொடுத்திருந்தன. தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி வேப்பமர நிழலில் வைத்தது மாணவர்களின் யோசனை. ஒன்று இலையோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் 25 நாள்களில் மொட்டுவிட்டன, ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஸ்ரீநகரில் இதைவிட இருமடங்கு வளருமாம். வீடியோ அழைப்பில் பார்த்த அவள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஒன்றைத் தொட்டியிலேயே விட்டோம். மற்றொன்றை, நிறம் ஏறி இன்னும் விரியாத நிலையில், காலையில் அறுத்து எவர்சில்வர் டம்ளரில் நாலு விரல் தண்ணீரில் வைத்தோம். இனி பாடம் டம்ளரில் நடந்தது.

காலையில் மூடியிருந்த பூ 11 மணிக்கு விரிந்தது. "வெயில் பட்டதால" என்றனர் பாதிப் பேர். "வகுப்பு சூடாயிடுச்சு" என்றனர் மீதிப் பேர். எது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் அட்டைப்பெட்டியால் மூடி இருட்டில் வைத்தார்கள், அப்போதும் விரிந்தது. பிறகு தெர்மோகோல் பெட்டியில் ஜூஸ் கடை ஐஸ் வைத்து அதற்குள் நிறுத்தினார்கள். ஒரு பாடவேளைக்குள் கூம்பியது. இதழின் உட்பக்கச் செல்கள் சூட்டில் வேகமாக நீள்வதால் பூ விரிகிறது. குளிரில் வெளிப்பக்கம் முந்துவதால் மூடுகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ச்சி நடப்பதால் இதழும் நாளுக்கு நாள் நீளும்.

யாரும் எதிர்பாராதது தண்டு. அறுத்த அன்று 13 செ.மீ. நான்காம் நாள் 16 செ.மீ. அளவுகோலைச் சந்தேகித்து வேறொன்றில் அளந்தார்கள். துலிப் அறுத்த பிறகும் வளரும், சன்னல் பக்கம் வளையும். ஒளிச்சார்பசைவுக்கும் அதுவே எடுத்துக்காட்டாகிவிட்டது. தினமும் தண்ணீர் மாற்றினோம். ஐந்தாம் நாள் இதழ் உதிர்ந்தது. தொட்டியில் விட்டதும் வெயிலில் அதற்கு மேல் தாங்கவில்லை.

துலிப் கிடைக்காத பள்ளிகளுக்குச் சம்பங்கியும் வெங்காயமும் போதும்; குமிழத்தை வெட்டிக் காட்டலாம், தண்ணீரில் வேர்விட வைக்கலாம். விரிந்து மூடுவதை மட்டும் அவற்றில் காட்ட முடியாது.

பூ முடிந்தும் இலைகளை நறுக்காமல் மஞ்சளாகும்வரை விட்டோம். அவை தயாரிக்கும் உணவுதான் அடுத்த ஆண்டுக்கான சேய்க் குமிழங்களுக்குப் போகிறது. ஏப்ரலில் தோண்டியபோது பழைய குமிழம் சுருங்கிச் சக்கையாகியிருந்தது. பக்கத்தில் சின்ன வெங்காய அளவில் ஐந்து குட்டிகள். இவை பூக்க இன்னும் ஓரிரு ஆண்டுகள், நல்ல குளிர்காலங்களோடு, ஆகும். என்ன செய்யலாம் என்று கேட்டேன். மறுபடி ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றான் ஒருவன்.

அவள் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஜூன்ல வருவாங்க டீச்சர். திரும்பிப் போறப்ப குடுத்து விட்டுடலாம்" என்றாள். ஐந்தையும் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தேன்.