உழவு இயந்திரச் சுழல்தண்டின் பழுது

நாற்சக்கர உழவு இயந்திரத்தின் வலுவைச் சுழல்கலப்பைக்குக் கொண்டுசெல்லும் தண்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 முறை சுழல்வது. அதன் இரு முனைகளிலுமுள்ள சிலுவை மூட்டுகளே முதலிற் பழுதடைவன. சேற்றுநீர் புகுந்து கிறீசை அகற்றிவிட, அவற்றின் ஊசியுருளைகள் வரண்டு தேய்கின்றன. வரம்பருகே திரும்புங்கால் கலப்பையைச் சுழலவிட்டபடியே உயர்த்துவது இதனினுங் கொடிது. மிகைக் கோணத்தில் மடியும் மூட்டு முறிந்துவிடும். உயர்த்துமுன் சுழற்சியை நிறுத்துக.

கடகடவென்னும் ஓசை கேட்பின், இயந்திரத்தை நிறுத்தித் திறப்பைக் கையிலெடுத்த பின்னரே தண்டை அசைத்துப் பார்த்தல் வேண்டும். சுழலுந் தண்டு சாரத்தின் நுனியைப் பற்றினும் போதும், ஆளையே இழுத்துக்கொள்ளும். மூட்டில் ஆட்டங் காணின் சிலுவையை மாற்றுக. வளைந்த தண்டைச் சம்மட்டியால் நிமிர்த்திப் பூட்டுவோர் உளர். அத்தண்டு அதிர்ந்து பற்சக்கரப் பெட்டியையும் கெடுக்கும். மீளப் பூட்டும்போது தண்டின் நடுப்பகுதியிலுள்ள இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். காப்புறையையும் மறவாது மாட்டுக.