மூன்று படம் ஒன்றானால் கோப்பு ஏன் பெருக்கிறது?

கேள்வி: ஊசுட்டேரியில் விடியற்காலையில் ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் ரா கோப்பாக எடுத்தேன். எச்.டி.ஆர். முறையில் இணைத்ததும் கோப்பு பல மடங்கு பெருத்தது. சுருக்கியதும் ஒற்றை ராவைவிடச் சிறுத்துவிட்டது. கூடியது எது, போனது எது?
– வாசகர் ஒருவர், வில்லியனூர் கொம்யூன்

பதில்: கூடியது வெளிச்சமல்ல, எண்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் உணரியில் 6000-க்கு 4000 புள்ளிகள் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் ஒவ்வொரு புள்ளியும் அளக்கும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. புள்ளிக்கு 14 பிட் என்றால், சுருக்காத ரா 42 எம்.பி. லைட்ரூம் போன்ற மென்பொருள் மூன்று படங்களையும் பொருத்தி, வானத்துக்கு இருட்டான படத்தையும் ஏரிக்கரைக் கோரைக்கு வெளிச்சமான படத்தையும் நம்பிப் புள்ளிக்கு ஒரு மதிப்பை எடுக்கிறது. விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணித்து நிரப்புகிறது. ஆக, புள்ளிக்கு மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட்: சுருக்குவதற்கு முன் 144 எம்.பி. மூன்று ராவின் கூட்டுத்தொகை 126 எம்.பி. என்பதால், மூன்றும் உள்ளே அடுக்கியிருப்பதாகத் தோன்றும். அப்படியில்லை, ஏழு படங்களை இணைத்தாலும் அதே 144தான். நிறத்தை நிரப்பாமல் புள்ளிக்கு ஒரே எண்ணை விட்டுவைக்கும் எச்.டி.ஆர்.மெர்ஜ் என்ற இலவச மென்பொருளில் இந்த மும்மடங்குப் பெருக்கம் இல்லை என்பதே சான்று. பெரிய கோப்பு என்றால் தரமும் பெரிது என்பவர்கள், அதில் மூன்றில் இரண்டு எண்கள் அளந்தவையல்ல, ஊகித்தவை என்பதைக் கவனிக்கட்டும்.

இணைக்கும் எண்ணம் பழையது. புதுச்சேரியை அன்று ஆண்ட பிரான்சில், 1850-களில் குஸ்தாவ் லே கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை ஒரே தாளில் அச்சிட்டார். அதைக் கணக்காக்கி, பல படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்கும் வழி ஒன்றை 1997-இல் எழுதியவர்கள் பால் டெபவெக்கும் மதுராவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும்.

இனி சுருக்கம். சுருங்கினால் ஏதோ போயிருக்கத்தானே வேண்டும் என்பார்கள். இழப்பில்லாச் சுருக்கத்தில் எதுவும் போவதில்லை. பக்கத்துப் புள்ளியைக் கொண்டு அடுத்ததை ஊகித்து, ஊகம் பிசகிய அளவை மட்டும் எழுதுவது அதன் வேலை. அடிக்கடி வரும் எண்ணுக்குச் சிறிய குறியீடு தரும் வித்தையை டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்டார். மேகமில்லாத வானம் நன்றாகச் சுருங்கும். கோரையும் நீர்த்திவலையும் சுருங்க மறுக்கும். உயர் ஐ.எஸ்.ஓ.வில் வரும் இரைச்சல்தான் மிக மோசம், அதை எந்த ஊகமும் பிடிக்காது. ஒரே கேமராவின் சுருக்கிய ரா கோப்புகள்கூட வெவ்வேறு அளவில் இருப்பது இதனால்தான்.

ஆனால் உங்கள் கோப்பு ஒற்றை ராவைவிடவும் சிறுத்திருக்கிறது. மும்மடங்கு எண்களை இழப்பின்றி அவ்வளவு சுருக்குவது கடினம். நீங்கள் தேர்ந்தது இழப்புள்ள சுருக்கமாகத்தான் இருக்கும். ஜேபெக்கும், டி.என்.ஜி. என்ற ரா கோப்பு வடிவம் 2023-இல் ஏற்ற ஜேபெக் எக்ஸ்எல்லும் படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண் பொருட்படுத்தாத நுண்ணலைகளை மழுங்கடிக்கின்றன. அடிப்படைக் கணக்கு, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்டது. போனவற்றில் பெரும்பகுதி இரைச்சல். கூடவே கோரை நிழலின் நுண்விவரமும் கொஞ்சம். பார்வைக்குத் தெரியாது, நிழலை வலிந்து வெளிச்சமாக்கினால் தெரியும். இது நஷ்டமா என்றால், மூன்று ராவும் கையில் இருக்கும்வரை இல்லை என்பேன். அவற்றை அழித்துவிட்டால், படங்களுக்கு இடையே நாமக்கோழி ஏதும் நகர்ந்த இடத்தில் மென்பொருள் எந்தப் படத்தைத் தேர்ந்ததோ, அதை இனி மாற்ற முடியாது.